மாட்டோடு போன நாய்

கண்டதைக் கண்டவாறே உரைத்தலும், காணாததைக் காணவில்லை என்றே உரைத்தலும் சேர்ந்தது வாய்மை. இவற்றுள் முன்னது எளிது. கண்ணெதிரே நின்றதைச் சொல்ல நாவுக்கு வருத்தமில்லை. ஒன்றைக் கண்டதாகச் சொன்னால் கேட்பவர் முகம் மலரும் என்று தெரிந்திருந்தும், 'காணவில்லை' என்று சொல்லி அம்முகம் வாடுவதைப் பார்த்து நிற்பது அரிது. பாலே மலையில், குராச்சாப் பள்ளத்தாக்கில், எங்களிடையே அவ்வரிய செயலை நாள்தோறும் செய்து வாழ்பவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் பதாசோ.

ஓநாய்களைப் பார்த்துச் சொல்வது அவன் தொழில். நாங்கள் அவற்றை ஓநாய் என்பதைவிடக் குதிரைநரி என்பதே மிகுதி. ஈனும் நிலையிலுள்ள குதிரையின் பின்னே, விழப்போகும் நஞ்சுக்கொடிக்காக ஓசையின்றி நடந்து செல்வதால் முன்னோர் அப்பெயரிட்டனர். காட்டுயிர்ப் பூங்காவின் ஆராய்ச்சியாளர்களுக்கு அவற்றின் பிறப்பும் இறப்பும், உறவும் பகையும் தெரியவேண்டியிருந்தது. அதற்காகப் பதாசோ விடியுமுன் குதிரையேறி, புல்நுனியில் உறைந்த பனி குளம்படியில் நொறுங்க, மேட்டுநிலத்துக்குப் போவான். பாறை மறைவில் அமர்ந்து, கூட்டம் கண்விழித்து ஒன்றையொன்று முகர்ந்து வாழ்த்துவதையும், தனித்தனியே பிரிந்து மண்ணெலி வளைகளின் முன் தவங்கிடப்பதையும் தொலைநோக்கியில் பார்ப்பான். மாலையில் பார்த்ததைச் சொல்வான். அதில் ஒரு சொல்லும் கூடியிராது.

அவன் மனைவி மோமினாவின் தமையன் துஃபா. அவருக்கு இது ஓயாத வேடிக்கை.

“மாப்ளகிட்ட மழை பெய்யுதான்னு கேட்டுப் பாருங்கப்பா. வெளிய போய் நனைஞ்சுட்டு வந்து, 'நான் நின்ன எடத்துல பெய்யுது'ம்பான்.”

“நீங்க நின்ன எடத்துல பெய்யுதான்னு எனக்கெப்படித் தெரியும், மச்சான்?”

“பாத்தீங்களா!” என்று துஃபா தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

குராச்சாவின் ஓநாய்க் கூட்டத்துக்குத் தாய்த்தலைவி ஒருத்தி இருந்தாள். இளமையில் ஏதோ சண்டையில் ஒரு காது இரண்டாகக் கிழிந்திருந்ததால் கிழிகாது என்று அவளுக்குப் பெயர். அவள் எந்த ஆண்டு எத்தனை குட்டி ஈன்றாள், எந்தக் குட்டியை எந்தக் கழுகு கொண்டுபோயிற்று என்பதெல்லாம் பதாசோவுக்குத் தன் மகள் ஹாவா பல் முளைத்த கதைபோல் மனப்பாடம்.

ஓநாய்க்குக் கூற்றுவன் நாயின் வாயில் இருக்கிறான். மழைக்காலத்தில் நாங்கள் மந்தையை மேட்டுப்புல்லுக்கு ஏற்றும்போது நாய்களும் ஏறும். ஒரு நாய்க்கு வெறிநோய் கண்டால் ஓர் ஓநாயைக் கடிக்கும். ஒன்றையொன்று நாள்தோறும் முகர்ந்து வாழ்த்தும் இனமாதலால் கூட்டமே அழியும். ஆதலால் ஆண்டுதோறும் கோடையில் கால்நடை மருத்துவர் மெஸ்கெரெம் தலைநகரிலிருந்து வந்து நாய்களுக்கு ஊசி போடுவார். சென்ற கோடையில் அவரோடு பதாசோவும் சேர்ந்து, எங்கள் பேரவையைக் காட்டுச் சூரைமர நிழலில் கூட்டி ஓர் உறுதி கேட்டான்.

“ஊசி போடாத நாயோட எந்த மந்தை மேல ஏறினாலும் அந்த மந்தை கீழ எறங்கணும். ரெண்டு மழைக்கு ஏறக்கூடாது. நாமளே வச்சுக்கிற சட்டம். பூங்காக்காரன் வந்து சொல்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?”

“நாய்க்கு ஊசி, ஓநாய்க்குக் காவல். எங்க கன்னுக்குட்டிக்கு யாரு மாப்ளே?” என்றார் துஃபா.

“கன்னுக்குட்டிக்குத்தான் நீங்க இருக்கீங்களே, மச்சான்.”

அவை சிரித்தது. சிரித்த வாயோடே, எங்கள் வழக்கப்படி ஈரப்புல்லைக் கையில் பிடித்து உறுதியும் செய்தது. பின்னர்ப் பதாசோ வழிகாட்ட, மருத்துவர் வீடுவீடாகப் போனார். அவன் வீட்டு வாயிலுக்கு வந்தபோது, “உங்க வீட்ல நாய் இருக்கா, பதாசோ?” என்று முறைக்குக் கேட்டார். “எங்க வீட்ல நாய் இல்ல, டாக்டரம்மா” என்றான் அவன். மோமினாவும் தலையசைத்தாள். அவர்கள் அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள்.

மழை வந்தது. மந்தைகள் ஏறின.

ஒரு காலை பதாசோ பாறைமறைவில் இருக்கையில், இளம் ஆண் ஓநாய் ஒன்று திறந்த வெளியில், மாடுகளின் நடுவே புகுந்து வந்தது. பசு ஒன்று கொம்பைத் தாழ்த்தியது, அது பார்க்கவில்லை. குதிரை கனைத்தது, அது கேட்கவில்லை. பின்னங்கால்கள் பிறிதொருவர் கால்கள்போல் இழுபட, ஆளுயர மலைச்செடியொன்றின் தண்டைக் கவ்வி, அதை விடத் தெரியாமல் வாய்நீர் ஒழுக நின்றது. பதாசோ கடிவாளத்தைப் பற்றிக் குதிரையேறினான்.

தொலைபேசிக்கு அலை கிடைக்கும் முகட்டுக்குக் குதிரையை விரட்டினான்.

“நேர்ல பாத்தீங்களா?” என்று மெஸ்கெரெம் கேட்டார்.

“பாத்தேன்.”

“செத்துடுச்சா?”

“நான் பாத்த வரைக்கும் சாகல.”

மறுநாளே அவர் கோவேறு கழுதைகளில் மருந்துப் பெட்டிகளோடு பூங்கா முகாமுக்கு ஏறிவந்தார். மூச்சு வாங்கியது, அமரவில்லை.

“எங்கிட்ட இருக்கிற தடுப்பூசி ஒரு பள்ளத்தாக்குக்குத்தான் காணும். குராச்சாவுல நோய் நொழைஞ்சாச்சு. கடிபட்டதுக்கு மேல ஊசி போட்டுப் புண்ணியமில்ல. அடுத்து அது எங்க போகப்போகுதோ, அங்க முந்திப்போய்ப் போடணும். தெற்காலயா, கெழக்காலயான்னு தெரியணும். அதுக்கும் முன்னால, இது வெறிநோய்தான்னு ஆய்வுக்கூடம் சொல்லணும்.”

“கண்ணால பாத்தேனே, டாக்டரம்மா.”

“நான் நம்புறேன். ஆனா இந்த மிருகம் உலகத்துல வேற எங்கயும் இல்ல. நாய்க்குன்னு செஞ்ச மருந்த அது ஒடம்புல ஏத்த, ஆதாரம் இல்லாம யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. போடவும் கூடாது. எனக்கு மூளை வேணும். செத்த அன்னைக்கே எடுத்த மூளை. கெட்டுப்போனா ஆய்வுக்கூடம் ஒண்ணும் சொல்லாது.”

அன்று தொடங்கியது பதாசோவின் அலைச்சல். மேட்டுநிலத்தில் எவ்வுடலும் முழுதாகக் கிடப்பதில்லை. இரவில் கழுதைப்புலி, பகலில் காகமும் கழுகும், எஞ்சியதற்கு உச்சிவெயில். அவன் கண்டவையெல்லாம் குடைந்த மண்டையோடுகள். மழையில் ஊறிய தோலைப் புரட்டி, காதுகளைப் பார்த்து, இன்னது இன்ன கூட்டத்துப் பிள்ளை என்று அறிந்து, “பயன்படாது” என்று முகட்டிலிருந்து சொல்லிவிட்டு, மீண்டும் குதிரையேறுவான். அவ்வுடல்கள் யாவும் பள்ளத்தாக்கின் தென்புறத்தே கிடந்தமையால் நோய் தெற்கே நகர்கிறது என்று மருத்துவர் கருதத் தொடங்கினார். கழுதைகளின் முகம் தெற்கு நோக்கிக் கட்டப்பட்டிருந்தது.

கிழிகாது அவ்வாண்டும் ஈன்றிருந்தாள். ஓநாய்க் குடியில் தாய் குட்டிகளைக் காக்க, ஏனையோர் இரை கொணர்ந்து கக்கி ஊட்டுவர். இரை கொணர்வோர் ஒவ்வொருவராக வரவில்லை. அவள் வளைவாயிலில் நின்று நான்கு திசையும் பார்ப்பாள். பிறகு தானே இறங்கி எலி தேடுவாள். பாதியில் குட்டிகளின் குரல் கேட்டு ஓடிவருவாள். ஓர் எலும்புத் துண்டை எறிவதற்கும் பதாசோவுக்கு உரிமையில்லை. பார்ப்பவன் பார்க்க மட்டுமே வேண்டும் என்பது அத்தொழிலின் நெறி. அந்நாட்களில் அவன் தொழுகையில் ஒரு வேண்டுதல் புகுந்தது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை; பின்னொரு நாள் எங்களிடம் தலைகுனிந்து கூறினான். 'இறைவா, இவற்றுள் ஒன்று என் கண்முன்னே சாகட்டும்.' பிள்ளைகளைப் போல் அறிந்தவற்றுள் எதைக் குறித்து அவ்வாறு வேண்டுவது என்று தெரியாமல், பெயர் சொல்லாமலே வேண்டினானாம்.

அப்படியிருக்கையில் ஒரு பிற்பகல் துஃபா வழிமறித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“மாப்ளே! எறங்கு கீழ. உன் மூஞ்சியில ஈயாடி எத்தனை நாளாச்சு! இன்னைக்கு ஆடும் பாரு.”

“என்ன மச்சான்?”

“நீ தேடுறது எங்கிட்ட இருக்கு. கெட்டுப்போகாம வச்சிருக்கேன். லுபாபா பால்குடுவைய வச்சிருக்கிற மாதிரி.”

துஃபாவின் மனைவி லுபாபாவைப்போல் எங்கள் பெண்டிர் யாவரும் பால்குடுவைக்குள் காட்டு ஒலிவக் கட்டையின் புகையை அடைத்து வைப்பர். அப்புகை ஏறிய குடுவையில் பால் நெடுநாள் புளிக்காது. கெடாமல் காப்பது எப்படி என்று எங்களுள் எவரைக் கேட்டாலும் அதுவே விடை. துஃபாவும் அதையே செய்திருந்தார். தம் கன்றுத்தொழுவத்தில் குழி தோண்டி, ஒலிவக் கட்டையைக் கனலவிட்டு, அதன்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். சாக்கின் வாயைப் பதாசோ நெகிழ்த்தினான். ஓநாயின் செந்நிற மயிர் பழந்தோல்போல் கருத்திருந்தது. புதுப்பால் குடுவையின் மணம் வந்தது.

“எப்பச் செத்துச்சு?”

“என் கண்ணு முன்னாலதான். முந்தாநாளுக்கு முந்தினநாள். சூடு ஆறுறதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டேன். மறுநாளே உன்னத் தேடினேன். நீ எந்தப் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சு கெடந்தியோ! அதுலேர்ந்து கட்டை அணையாம நானும் லுபாபாவும் மாத்தி மாத்திக் காத்தோம். எப்படி? டாக்டரம்மா அசந்துபோவாங்கல்ல?”

மூன்று நாள் அனலில் அம்மண்டைக்குள் இருந்தது வெந்து போயிற்று என்பதைப் பதாசோ அறிந்தான். அதைச் சொல்லுமுன் துஃபாவின் கைமேல் அவன் பார்வை விழுந்தது.

“கையக் காட்டுங்க, மச்சான்.”

“எதுக்கு?”

“காட்டுங்க.”

கயிறு இழுத்ததில் கட்டைவிரல் பிளந்திருந்தது.

“நாளைக்கே ஊருக்குப் போய் ஊசி போட்டுக்கணும். லுபாபா அக்காவும்தான்.”

“நாய்க்குன்ன, இப்ப எனக்குமா? அடுத்தாப்ல மாட்டுக்கு, அப்புறம் மரத்துக்கா?” என்று சிரித்த துஃபா, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “என்ன? நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?”

விடை வருமுன் தொழுவத்தின் மறுகோடியில் ஏதோ முனகிற்று. சாம்பல் நிற நாய் ஒன்று கட்டுத்தறியைக் கடித்துக்கொண்டிருந்தது. தாடை மூடவில்லை. வாய்நீர் நூலாகத் தரையைத் தொட்டது.

“இது எத்தனை நாளா இப்படி?”

“அதுவா? மேல குதிரைநரியோட சண்ட போட்டுட்டு வந்துச்சு. அதுலேர்ந்து திங்கல. கன்னுகளக் கடிச்சிடுமோன்னு நேத்துதான் கயிறு போட்டுக் கட்டினேன்.”

“யாரோட நாய்?”

துஃபாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “யாரோடதுன்னா? மாட்டோடது.”

“எந்த மாட்டோடது?”

“செவல மாட்டோட. உன் பொண்டாட்டி மாடுதான், மாப்ள. அது கன்னா இருந்தப்பலேர்ந்து இது பின்னாலயே திரியுது.”

எங்களூரில் நாய்க்கு உடையவன் இல்லை. ஐந்து வேளை தொழுபவன் அதன் எச்சில் படாமல் ஒதுங்கி நடப்பான். 'என் நாய்' என்று நாவால் சொல்ல மாட்டான். நாய் மந்தையைச் சேர்ந்தது. சிந்தியதைத் தின்னும், கழுதைப்புலியைக் குரைத்துத் துரத்தும், மாடு கைமாறினால் மாட்டின் பின்னே போகும். அதை யாரும் கொடுப்பதுமில்லை, கொள்வதுமில்லை. மோமினாவின் தந்தை திருமணத்தில் அவளுக்களித்த பசுக்கள் துஃபாவின் மந்தையோடு மேய்ந்தன. அவற்றோடு அந்த நாயும் திரிந்தது. கோடையில் மருத்துவர் 'உங்க வீட்ல' என்று கேட்டபோது அது பசுக்களோடு எங்கோ இருந்தது. துஃபாவின் வீட்டில் கேட்டபோது, அது துஃபாவின் மாட்டோடு சேர்ந்ததன்று. இரு வீட்டாரும் நெஞ்சறிய இல்லை என்றார்கள். பதாசோ பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்னது மெய்யுமன்று. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு நாய் நுழையும் அளவுக்கு வழி இருந்திருக்கிறது என்பதை அவன் அந்தத் தொழுவத்தில் நின்று அறிந்தான்.

“மழை தொடங்கினதுலேர்ந்து செவல மாடு எங்க மேஞ்சுது?”

“கெழக்குக் கணவாய்ல. அங்க உப்பூத்து இருக்குல்ல. சண்டையும் அங்கதான்.”

கிழக்கு. தென்புறத்துக் குடைந்த ஓடுகள் முன்னே மடிந்தவற்றின் அடையாளம்; நோய் இப்போது கணவாய் தாண்டிக் கொண்டிருக்கிறது.

தொழுவத்தை முள்ளால் அடைத்துவிட்டு முகட்டுக்குப் போனான். “உயிரோட ஒரு நாய் இருக்கு, டாக்டரம்மா. நோய் முத்தினது.”

“தொடாதீங்க! காலைல வந்துடுறேன். அந்த மூளையே போதும் ஆதாரத்துக்கு. யாரோட நாய்?”

“நேர்ல சொல்றேன்” என்றான். அவன் எதையும் தள்ளிப்போட்டுச் சொன்னதாக நாங்கள் அறிந்தது அந்த ஒருமுறைதான்.

வீட்டில் மோமினா வாற்கோதுமைக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னான். அவள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

“சந்தையிலேர்ந்து ஓடியாந்த நாய்னு சொல்லு.”

“சந்தை தெற்கால இருக்கு. அப்படிச் சொன்னா மருந்து தெற்கால போயிடும்.”

“போகட்டும். தெற்கால இருக்கிறது மட்டும் ஓநாய் இல்லியா? அதுகளுக்குக் குட்டி இல்லியா?”

“நோய் கெழக்கால போகுது, மோமினா.”

“நீ 'என்னோடது'ன்னு சொன்னா என் மாடு கீழ எறங்கணும். ரெண்டு மழை! கீழ புல்லு எங்க இருக்கு? செவல மாடு தாங்குமா? எங்கப்பா எனக்குக் கொடுத்தது அது. உனக்கில்ல. உன் ஓநாய்க்கும் இல்ல. அந்தச் சட்டத்தக் கொண்டாந்தது யாரு? நீதான! ஹாவா அப்பா, ஒண்ணு கேக்குறேன். ஓநாய் வந்து உன் மகளுக்குப் பால் கறந்து ஊத்துமா?”

அவன் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினான்.

“பேசு. ஊருக்கெல்லாம் பேசத் தெரியுது.”

“எனக்குப் பதில் தெரியல.”

“'எல்லாம் சரியாப் போயிடும்'னு ஒரு வார்த்த சொல்லேன். பொய்யாவாவது சொல்லேன்!”

“சரியாப் போகுமான்னு எனக்குத் தெரியாது.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூழ் அடிப்பிடித்துத் தீய்ந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

காலையில் துஃபாவின் தொழுவத்தைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். மெஸ்கெரெம் நீண்ட கோலின் முனையில் ஊசியைக் கட்டி, வேலிக்கு வெளியிலிருந்தே நாயின் தொடையில் குத்தினார். அது தறியைவிட்டுத் தலையை எடுக்காமலே சாய்ந்தது. தலையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மூடிய பின், கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

“யாரோட நாய்?”

“மாட்டோடதுங்க” என்றார் துஃபா.

“ஆமாங்க, மாட்டோடதுதான்” என்று நாலைந்து குரல் எழுந்தது.

“எந்த மாடு? எங்க மேஞ்ச மாடு? அதுலதான் எல்லாம் இருக்கு. இன்னைக்கு நான் பொட்டிய எந்தப் பக்கம் தூக்குறதுன்னு தெரியணும்.”

எந்த மாடு என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் சட்டமும் தெரிந்திருந்தது. துஃபா தங்கையைப் பார்த்தார். “சந்தைப் பக்கம் ஒரு உப்பு வியாபாரி வந்தான்...” என்று தொடங்கினார்.

“என்னோடது” என்றான் பதாசோ.

நாங்கள் திடுக்கிட்டோம். குற்றத்தை ஒப்பியதற்காக அன்று. தொழுகையாளி ஒருவன் பலர்முன் அச்சொல்லைச் சொல்லிக் கேட்டது அதுவே முதல்முறை.

“என் நாய். என் வீட்டு மாட்டோட கெழக்குக் கணவாய்ல இருந்துச்சு, மழை தொடங்கினதுலேர்ந்து. ஓநாயோட சண்ட போட்டதும் அங்கதான். கோடையில நீங்க கேட்டப்ப இல்லன்னேன். இருந்திருக்கு.”

மோமினா கூட்டத்தின் விளிம்பில் பால்குடுவையை இடுப்பில் ஏந்தி நின்றாள். அவள் மறுத்து ஒரு சொல் சொல்லியிருந்தால் துஃபா அதைப் பற்றிக்கொண்டிருப்பார், நாங்களும் பற்றிக்கொண்டிருப்போம். அவள் சொல்லவில்லை. குடுவையைத் தரையில் வைத்துவிட்டு மேட்டை நோக்கி நடந்தாள். தன் பசுக்களைத் தானே ஓட்டிவரப் போகிறாள் என்று சற்றுப் பொறுத்தே எங்களுக்கு விளங்கிற்று. மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் செய்த சட்டம்; எங்களில் ஒருவரும் 'போகாதே, அம்மா' என்று சொல்லவில்லை.

மருத்துவர் கழுதைகளின் கடிவாளத்தைப் பிடித்துக் கிழக்கே திருப்பினார்.

நாயின் மூளையில் வெறிநோய் உண்டென்று ஆய்வுக்கூடம் உரைத்தது. இசைவும் வந்தது. கிழக்குப் பள்ளத்தாக்கில் பொறிவைத்துப் பிடித்து ஒவ்வோர் ஓநாய்க்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். பதாசோ அங்கு இல்லை. நாய்க் கணக்கில் தவறு நேர்ந்தது எவ்வாறு என்று விசாரித்து முடியும்வரை அவனைக் குதிரையிலிருந்து இறக்கியிருந்தார்கள். அவன் குதிரையில் வேறொருவன் போனான். துஃபாவும் லுபாபாவும் ஊரில் ஊசி போட்டுக்கொள்ள, பதாசோவும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அவர்களோடு அமர்ந்தான். அங்குதான் துஃபா கேட்டார்.

“நான் புகை போட்டதுனால கெட்டுச்சாமே, மாப்ளே. மெய்யா?”

“மெய்தான், மச்சான்.”

“இல்லன்னு சொல்லுவேன்னு பாத்தேன்” என்று அந்தப் பெரிய மனிதர் பதாசோவின் தோளில் முகம் புதைத்துக் குழந்தைபோல் அழுதார்.

குதிரை இல்லாமற்போகவே, பதாசோ கிழிகாதின் வளைக்கு நடந்தே போய்வந்தான். யாரும் அவனை அனுப்பவில்லை. ஒருநாள் அவள் வளைவாயிலில் படுத்திருந்தாள், தாடை தொங்கிற்று. குட்டிகள் வாயருகே வந்து கெஞ்சின. அவள் அவற்றை அறியவில்லை. அருகிற் போக ஒண்ணாது, தூக்கிவரவும் ஒண்ணாது, குட்டிகளின் வாயிலும் அந்நோயே இருக்கும். வெயில் சாயும்வரை அமர்ந்து, இருட்டுமுன் இறங்கிவந்து முகட்டிலிருந்து சொன்னான்: “கிழிகாது செத்துட்டா. பாத்தேன்.” சில நாள் கழித்து: “குட்டிகளோட சத்தம் நின்னுடுச்சு. காணல.”

குராச்சாவில் இன்று ஓநாய் இல்லை. மண்ணெலிகள் பட்டப்பகலில் வளைக்கு வெளியே வந்து, அச்சமின்றி நிமிர்ந்து உட்கார்ந்து வெயில் காய்கின்றன. எங்கள் வாழ்நாளில் காணாத காட்சி அது. பார்க்கப் பொறுக்கவில்லை.

கீழ்நிலத்தில் புல்லுமில்லை. செவலைப் பசு கன்றை இழந்து மடி வற்றியது. மோமினா கணவனோடு பேசுவதில்லை. ஹாவாவை இடையில் நிறுத்தி, “உங்கப்பாகிட்டச் சொல்லு” என்றே நாட்கள் நடந்தன. விசாரணை முடிந்ததா, குதிரை மீளுமா என்று கேட்பாரிடம், “தெரியல” என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவான்.

மழை ஓய்ந்த ஒரு மாலை மெஸ்கெரெம் கிழக்கிலிருந்து இறங்கிவந்து அவன் வாசலில் நின்றார். இளைத்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன.

“கெழக்கால போட்டு முடிச்சுட்டோம், பதாசோ.”

“செத்தது உண்டா?”

“இன்னைக்கு வரைக்கும் இல்ல. நாளைக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாது.”

“இன்னைக்கு வரைக்கும் இல்ல” என்று அவன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். அவர் போன பிறகு உள்ளே சென்று, மனைவியிடமும் அதையே, ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னான். மோமினா எழுந்து அடுப்பை மூட்டினாள். பின்பு காப்பிக்கொட்டையை வறுத்தாள். எங்களூரில் வெண்ணெய் இல்லாமல் காப்பி வைப்பது இழவு வீட்டிலும் இல்லை. அவள் வெறும் காப்பியைக் கொணர்ந்து அவன் முன்னே வைத்தாள்.

“வெண்ணெ இல்ல. இருக்கிறதா நெனச்சுக் குடி.”

“இல்லாதத எப்படி...”

“தெரியும். குடி.”

அவன் குடித்தான். ஹாவா அம்மாவின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்றிரவு அவ்வீட்டில் பேசியவை எங்களுக்குத் தெரியா. எங்களுக்குத் தெரிந்தது வேண்டுதல் ஒன்றே. மறுநாள் ஈரப்புல்லை ஏந்தி அவன் வாயிலில் நின்று அதை வேண்டினோம். அனைத்தும் படைத்த இறைவா, இம்மனையில் அடுப்பின் நெருப்பு அவியாதிருக்க. வற்றிய மடி சுரக்க. மோமினாவின் குடுவை நுரைக்க. ஹாவாவின் கால்பட்ட மண்ணில் புல் தழைக்க. இவ்வில்லம் உண்டுமிஞ்ச, வந்தவர் உண்ண, உண்டவர் வாழ்த்த, பகல் அமைதியோடு வருக. இரவு அமைதியோடு வருக.